வட்டக் கம்பளத்தின் ஓரம்: நவஹோ நெசவில் மரபு எங்கே இருக்கிறது?

1. கேள்வி

தறியில் நெய்வது நாற்கோணமாக வருவதே இயல்பு. பாவு ஒரு திசையில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது, இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் செங்கோணம். கம்பள வரலாற்றில் வட்டம் அரிதாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோ பட்டறைகள் வட்டமாகவும் சிலுவை வடிவிலும் சில கம்பளங்கள் நெய்ததுண்டு. அவை ஐரோப்பியச் செல்வர்களின் மேசைகளுக்காகச் செய்யப்பட்டவை. நெசவாளியின் தேவையிலிருந்தோ கூடாரத்தின் தரையிலிருந்தோ அந்த வட்டம் பிறக்கவில்லை.

இன்று 'கையால் நெய்த, பழங்குடிக் கோலமிட்ட, வட்டமான கம்பளிக் கம்பளம்' வீட்டு அலங்காரக் கடைகளில் சாதாரணச் சரக்கு. படிக்கட்டு விளிம்புள்ள வைரம், ரம்பப் பல் கோடு, முனை மடங்கிய கொக்கி என்று அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கோலங்கள் பலவும் அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்களுடையவை என்று சொல்லியே விற்கப்படுகின்றன. தங்களை டினே என்று அழைத்துக்கொள்ளும் இம்மக்களின் நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. அங்கே உண்மையாகவே வட்டக் கம்பளம் நெய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியொரு வட்டக் கம்பளத்தில் மரபு எனத் தக்கது எது? உருவமா, கோலமா, நெய்யும் முறையா? வாங்குகிறவர், விற்கிறவர், அருங்காட்சியகப் பட்டியல் எழுதுகிறவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் கோலத்தையே பார்க்கிறார்கள். கிடைக்கும் சான்றுகளோ வேறு பக்கம் கைகாட்டுகின்றன. நவஹோ நெசவில் மிக எளிதாகக் கைமாறியது கோலம்தான். மூன்று நூற்றாண்டு அலைக்கழிப்பில் அதிகம் அசையாமல் நின்றது துணியின் கட்டுமானம், குறிப்பாக அதன் ஓரம். இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம் அதுவே. வட்டக் கம்பளம் அதைச் சோதிக்கத் தோதான பொருள்.

2. தறியும் வளையமும்

டினே நெசவாளர் பயன்படுத்துவது நிமிர்ந்து நிற்கும் தறி. பாவு முதலில் தறியில் ஏற்றப்படுவதில்லை. தரையில் கிடத்திய ஒரு தற்காலிகச் சட்டத்தில், இரண்டு கட்டைகளுக்கிடையே, கட்டிலுக்குக் கயிறு கட்டுவதுபோல, ஒரே இழை அறுபடாமல் போய்வந்து போய்வந்து பாவாகிறது. மேலும் கீழும் இழை மடங்கும் இடங்களைக் கம்பளி முறுக்குக் கயிறுகள் பின்னிப் பிடித்து, இழைகளுக்கிடையே சீரான இடைவெளியைக் காக்கின்றன. அதன் பிறகே பாவு முழுவதும் எடுத்துத் தறியில் கட்டப்படுகிறது. இரு பக்க ஓரங்களிலும் அதேபோல் முறுக்குக் கயிறுகள் ஊடையோடு சேர்ந்து ஏறுகின்றன.

இதனால் விளைவது நான்கு பக்கமும் வெட்டுப்படாத துணி. தறியிலிருந்து இறக்கும்போது கத்தரிக்கு வேலை இல்லை, எனவே குஞ்சமும் இல்லை. நெசவாளி எந்த அளவில் பாவு போட்டாரோ அந்த அளவில்தான் கம்பளம் வரும். பாதியில் நிறுத்திவிட்டு இவ்வளவு போதும் என்று வெட்டியெடுக்க முடியாது.

இந்த முறையின் கடுமை கடைசிச் சாணில் தெரியும். கீழிருந்து மேலே ஏறும் நெசவு மேல்கட்டையை நெருங்க நெருங்க, பாவை விரித்து ஊடையை நுழைக்கும் இடம் சுருங்குகிறது. அகன்ற கட்டையை வைத்துவிட்டு ஒடுங்கிய கட்டையை எடுக்கிறார் நெசவாளி. பிறகு பாவிழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக்கோலையும் உருவிவிடுகிறார். கடைசி விரற்கடையில் ஊசிதான். பழைய குடையின் கம்பியைத் தீட்டிச் செய்த நீண்ட ஊசியால் பாவிழைகளை ஒன்றுவிட்டு ஒன்று குத்தியெடுத்து, ஊடையைத் திணித்து, மரச் சீப்பால் இறக்குகிறார். மற்ற இடங்களில் வேகமாக நெய்தவர் இங்கே ஒரு விரலகலத்துக்குத் திண்டாடுவார். முடிந்த கம்பளத்தில் இந்தப் பகுதி மற்ற இடங்களைப் போலவே இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் விவரமறிந்தவர்களின் முதல் சோதனை.

இனி வட்டம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட்டக் கம்பளங்களுக்குப் பேர்போன டினே நெசவாளி ரோஸ் ஓவன்ஸ். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டம் போன்ற உலோக வளையமே இவ்வகை நெசவுக்குச் சட்டம். வளையத்தின் மேல்வளைவிலிருந்து கீழ்வளைவுக்குப் பாவு இறங்குகிறது. நடுவில் ஓடும் இழை மிக நீளம், இரு பக்கமும் போகப்போகக் குட்டை. சாதாரணத் தறியில் மேலே சுற்றிய கயிற்றைத் தளர்த்தியோ இறுக்கியோ பாவு முழுவதன் விறைப்பையும் ஒருசேரச் சரிசெய்யலாம். இரும்பு வளையம் வளைந்து கொடுக்காது. நீள இழையும் குட்டை இழையும் ஒரே விறைப்பில் நிற்கும்படி முதலிலேயே கட்டியாக வேண்டும். சற்றுப் பிசகினால், இறக்கிய கம்பளம் தரையில் படியாமல் நடுவில் குடைபோல் எழும்பும், அல்லது விளிம்பில் அலை அலையாகச் சுருளும்.

ஊடைக்கும் இதே கதிதான். அடியில் சில இழைகளைக் கடந்து தொடங்கும் வரிசை, ஏற ஏறப் புதிய இழைகளைச் சேர்த்துக்கொண்டு அகன்று, பாதி தாண்டியதும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு ஒடுங்குகிறது. நாற்கோணக் கம்பளத்தில் கடைசிச் சாணில் மட்டும் வரும் ஊசிப்பாடு இங்கே வளைவு நெடுகிலும் வருகிறது.

உலகச் சந்தையில் வட்டக் கம்பளம் பெரும்பாலும் இப்படிச் செய்யப்படுவதில்லை. முடிச்சுக் கம்பளமானால் வழக்கமான தறியில் வட்டத்துக்குள் மட்டும் முடிச்சிட்டு, இறக்கியபின் மூலைகளை வெட்டி, விளிம்பைத் தைத்துச் சுற்றிக் கட்டுவார்கள். துணியில் கம்பளி இழையைக் குத்தியேற்றும் முறையானால் வேலை இன்னும் எளிது, எந்த வடிவமும் வரும். அவற்றை மட்டம் என்று சொல்ல வரவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்து முடிச்சு வேலைக்குத் தனிக் கணக்கும் தனித் திறமையும் உண்டு. ஆனால் அந்த முறைகளில் வட்டத்தைத் தருவது கத்தரியும் தையலும். வளையத் தறியில் பாவே வட்டத்தைத் தருகிறது.

3. போர்வையாக இருந்தது

நவஹோ நெசவு எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. சிலந்திப் பெண் கற்றுக்கொடுத்தாள் என்கிறது டினே மரபு. அரிசோனாவின் கன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் 200 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் சிலந்திப் பாறை அவள் இருப்பிடம். ஸ்பானியர்கள் கொண்டுவந்த சுர்ரோ ஆடுகளையும் அண்டைப் பழங்குடியினரான புவெப்லோ மக்களின் பருத்தித் தறியையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். 1680இல் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்த புவெப்லோ மக்களில் பலர், 1692இல் ஸ்பானியர் திரும்பி வந்தபோது நவஹோ நிலத்தில் அடைக்கலம் புகுந்தனர். தறி கைமாறிய காலம் அதையொட்டியது என்பது பொதுவான கருத்து. புவெப்லோவில் நெய்தவர்கள் ஆண்கள், நவஹோவில் நெய்தவர்கள் பெண்கள் என்பது இந்தக் கைமாற்றத்தில் இன்றும் முழுதாக விளங்காத திருப்பம்.

காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய துணிகள் ஒரு படுகொலையின் எச்சம். 1805 ஜனவரியில் அந்தோனியோ நார்போனா தலைமையிலான ஸ்பானியப் படை, கன்யன் டி ஷேயின் கிளைப் பள்ளத்தாக்கில் குகையொன்றில் ஒளிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட டினே மக்களைச் சுட்டுக்கொன்றது. அந்தக் குகையில் பின்னாளில் கிடைத்த துண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் எளிய குறுக்குப் பட்டைகள். இன்று 'நவஹோ' என்றதும் கண்முன் வரும் வைரமும் கொக்கியும் கரையும் அவற்றில் இல்லை.

பிறகு வந்த 'தலைவர் போர்வை'களும் பட்டைகளில்தான் தொடங்கின. முதல் கட்டத்தில் வெறும் பட்டைகள், இரண்டாம் கட்டத்தில் பட்டைகளுக்குள் செங்கட்டங்கள், மூன்றாம் கட்டத்தில் படிக்கட்டு வைரங்கள். சமவெளிப் பழங்குடியினர் இவற்றை விலை கொடுத்து வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள். தரையில் போட யாரும் வாங்கவில்லை. சிவப்பு வேண்டியபோது நெசவாளிகள் பயேத்தா என்ற இறக்குமதித் துணியை இழை இழையாகப் பிரித்தெடுத்து நெய்தார்கள். நெசவு ஆய்வாளர் ஜோ பென் வீட் முதலியோர் செய்வித்த சாயச் சோதனைகள் தொடக்கக் காலச் சிவப்பிழைகள் பலவற்றில் அரக்குச் சாயம் இருப்பதைக் காட்டின. அரக்கு தெற்கு, தென்கிழக்கு ஆசியச் சரக்கு. நம் பக்கத்துக் காட்டு மரங்களில் ஒட்டியிருந்த பூச்சிப் பிசினின் நிறம் ஐரோப்பியத் துணியில் ஏறி, ஸ்பானிய வணிகர் கைவழியாக அரிசோனாப் பாலைவனத்துப் போர்வைக்குள் போயிருக்கிறது. 'தூய' நவஹோ என்று ஏலக்காரர்கள் கொண்டாடும் காலத்திலேயே நிலைமை இதுதான்.

1863–64இல் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்கப் படை பயிர்களையும் பழமரங்களையும் மந்தைகளையும் அழித்து, மக்களைப் பட்டினியால் பணியவைத்தது. 8,000க்கும் மேற்பட்டோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோகப்பட்டு நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோவில் அடைக்கப்பட்டார்கள். 1868 உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் திரும்பியபோது அவர்களிடம் மந்தை இல்லை. அரசு ஆடுகள் கொடுத்தது. பென்சில்வேனியா ஆலைகளின் சாயமேற்றிய ஜெர்மன்டவுன் நூலும் சந்தைக்கு வந்தது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில், ரம்பப் பல் வைரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் போர்வைகள் பிறந்தன. அந்த ரம்பப் பல் வைரத்தின் மூலம் மெக்சிகோவின் சால்தியோ போர்வைகள் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையில்லை.

1880களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை வந்தது. ஆலைப் போர்வை மலிவாகக் கிடைத்ததும் நெய்த போர்வையை உடுத்துவது குறைந்தது. கிழக்கு அமெரிக்க வீட்டின் தரைக்குக் கனமான கம்பளம் தேவைப்பட்டது. போர்வை கம்பளமானது அடுத்த இருபதாண்டுகளில்தான். 'நவஹோ கம்பளம்' என்ற பொருளே இருப்புப்பாதையின் குழந்தை.

4. கோலத்துக்கு யார் சொந்தம்?

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் வணிகர். அரிசோனாவின் கனாடோவில் 1878இல் கடை வாங்கிய ஜான் லொரென்ஸோ ஹபெல், பழைய போர்வைகளின் கோலங்களைச் சிறு ஓவியங்களாக வரைவித்துக் கடைச் சுவரில் மாட்டினார். இப்படி வேண்டும் என்று காட்டுவதற்காக. அந்த ஓவியங்கள் இன்று தேசிய வரலாற்றிடமாகப் பேணப்படும் அதே கட்டடத்தில் இருக்கின்றன. கிரிஸ்டல் என்ற இடத்தில் கடை நடத்திய ஜே. பி. மூர், 1903இலும் 1911இலும் அச்சிட்ட பட்டியல்கள் வழியாக அஞ்சலில் கம்பளம் விற்றார். அவர் கடையிலிருந்து போன கம்பளங்களில் கரையும் கொக்கியும் நடுப் பதக்கமும் நிறைந்தன. காக்கசஸ், துருக்கிக் கம்பளங்களுக்குப் பழகிய அமெரிக்கக் கண்ணுக்கு அவை உவப்பாக இருந்தன. டீக் நோஸ் போஸ் வட்டாரக் கம்பளத்தை இன்று பார்த்தாலும் அந்த ஆசியச் சாயல் முகத்தில் அறைகிறது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் ஆய்வுலகம் பிளவுபடுகிறது. சார்ல்ஸ் ஆம்ஸ்டன் 1934இல் எழுதிய 'நவஹோ வீவிங்' நூலும் அதைத் தொடர்ந்த பலவும் நவஹோ நெசவாளியை எதையும் ஏற்றுத் தனதாக்கும் கலைஞராகக் காட்டின. கேட் பெக் கென்ட் (1985) அதே கோட்டைச் செம்மைப்படுத்தினார். இந்தச் சித்திரத்தில் வணிகர் ஒரு புரவலர். நெசவு அழியாமல் காத்தவர்.

கேத்தி மெக்ளோஸ்கி 2002இல் வெளியிட்ட 'ஸ்வெப்ட் அண்டர் த ரக்' இதைக் கணக்கேடுகளால் தாக்கியது. ஹபெல் குடும்பத்தின் வணிக ஆவணங்களைப் படித்த அவர், கம்பளங்கள் நெடுங்காலம் எடைபோட்டு வாங்கப்பட்டதையும், கடன்கணக்கில் மாவுக்கும் காப்பிக்கும் ஈடாகப் போனதையும், கம்பளி விலை விழுந்தபோது நெய்த துணியே கம்பளியைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் வழியானதையும் காட்டினார். பவுண்டுக்கு இவ்வளவு என்று கலையை வாங்கியவரைப் புரவலர் என்று எப்படிச் சொல்வது?

பொருளியல் விஷயத்தில் மெக்ளோஸ்கியின் பக்கமே நான் நிற்கிறேன். எடைத்தராசுக்கு விளக்கம் சொல்வது கடினம். ஆனால் கோலத்தின் விஷயத்தில், வணிகர் விருப்பத்தை எவ்வளவு வலியுறுத்துகிறோமோ அவ்வளவுக்கு நெசவாளியின் தேர்வு மறைந்துபோகும் ஆபத்து அவர் வாதத்திலும் உண்டு. ஹபெல் ஓவியத்தை மாட்டினார், சரி. அந்த ஓவியங்களையும் அவற்றைப் பார்த்து நெய்ததாகச் சொல்லப்படும் கம்பளங்களையும் பக்கத்தில் வைத்தால், நேர்நகல் என்று சொல்லத்தக்கவை குறைவு. நெசவாளிக்கு வரைபடத் தாள் கிடையாது. கோலம் தலைக்குள் இருக்கிறது, பாவிழைகளை எண்ணி எண்ணி அது துணியாகிறது. 1930களில் டினே குடும்பமொன்றோடு தங்கி நெசவு கற்று 'ஸ்பைடர் வுமன்' (1934) எழுதிய கிளாடிஸ் ரைக்கார்ட், இந்த மனக்கணக்கைத் தன் விரல்களால் உணர்ந்து எழுதியவர். சுவர்ப்படம் ஒரு விண்ணப்பம் மட்டுமே. அதற்கு எந்த அளவு செவிசாய்ப்பது என்பது தறிமுன் இருந்தவர் கையில்.

கரையின் கதை இதற்கு நல்ல சான்று. கம்பளத்தைச் சுற்றி வரும் கரை வணிகர்கள் பரப்பியது. கரை வந்ததும், அதைக் குறுக்கே வெட்டி, உட்களத்தின் நிறத்தில் ஒரே ஒரு மெல்லிய இழைக்கோடு மேல் மூலையருகே விளிம்புவரை ஓடத் தொடங்கியது. வெளியார் இதற்கு 'ஆவிக்கோடு' என்று பெயர் வைத்து மர்மம் பூசினார்கள். நோயல் பென்னட் 1974இல் வெளியிட்ட ஆய்வில் நெசவாளிகளின் விளக்கங்களைத் தொகுத்தார். அவற்றில் அழுத்தமாக வருவது இதுதான்: நெசவாளியின் சிந்தையும் ஆற்றலும் நான்கு பக்கமும் அடைத்த துணிக்குள் சிறைப்படாமல், அடுத்த துணிக்குப் போக வழி வேண்டும். கேட்டவருக்குக் கரையைக் கொடுத்தார்கள், தங்களுக்கு ஒரு வாசலை வைத்துக்கொண்டார்கள்.

5. கூடையிலிருந்து தறிக்கு

டினே வாழ்வில் வட்டத்துக்குப் பஞ்சமில்லை. வீடான ஹோகன் கிழக்கு வாசல் வைத்த வட்டம். நோய் தீர்க்கும் சடங்கில் தரையில் இடப்படும் மணற்சித்திரங்கள் பல வட்டமானவை. எல்லாவற்றினும் கையில் அதிகம் புழங்குவது சடங்குக் கூடை. சுருட்டிப் பின்னிய தட்டையான கூடை அது. நடுவில் வெண்மை, அதைச் சுற்றி உள்ளும் வெளியும் படிகட்டிய கறுப்பு, இடையில் செவ்வளையம். நடுவிலிருந்து விளிம்புவரை எல்லா நிறங்களையும் அறுத்துக்கொண்டு ஒரு வெளிர்நிறப் பாதை போகிறது. அந்தப் பாதை கிழக்கை நோக்கியிருக்கும்படி கூடை வைக்கப்பட வேண்டும். கூடையின் விளிம்புப் பின்னல் முடியும் இடமும் பாதையின் நேரிலேயே அமைகிறது. இருட்டில் சடங்கு நடத்துகிறவர் விளிம்பைத் தடவியே திசை அறிந்துகொள்வார்.

கண்ணுக்குத் தெரியும் கோலம் உதவாத இடத்தில் ஓரம் உதவுகிறது. நான் தேடுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

வட்டக் கம்பளங்களில் சில இந்தக் கூடையின் கோலத்தை ஏந்துகின்றன. அவற்றை உருவத்தில் புதுமை, பொருளில் மரபு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வரலாறு அதற்கும் இடம் கொடுக்கவில்லை. நவஹோ சடங்குக் கூடைகளில் பெரும் பகுதியை நெடுங்காலமாகப் பின்னித் தந்தவர்கள் அண்டை வீட்டாரான யூட், பையூட் பெண்கள். ஹாரி சோபிக் 1938இல் 'அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தது. கூடை பின்னுகிறவர் காக்க வேண்டிய விலக்குகள் டினே பெண்களுக்கு மிகக் கடுமையானவை. அவை கட்டுப்படுத்தாத அயலாரிடம் வாங்கிக்கொள்வது எளிதாக இருந்தது. சோபிக் தன் காரணத்துக்குக் கொடுத்த எடை கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. கம்பள நெசவு காசு தரும்போது கூடைக்கு நேரம் ஒதுக்குவதில் இருந்த கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்படியிருந்தாலும், டினே வாழ்வின் மிகப் புனிதமான வட்டம் பிறர் விரல்களில் பிறந்தது. அதனால் அதன் புனிதம் குறையவில்லை. யார் பின்னினார்கள் என்பதைவிட எப்படிப் பின்னப்பட்டிருக்க வேண்டும், பாதை எங்கே திறக்க வேண்டும், விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பதே அங்கே கேள்வி.

மேலும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டுப் போர்வைகளின் படிக்கட்டு வடிவங்களே கூடைக் கோலத்திலிருந்து வந்தவை என்று வீட் கருதினார். அப்படியானால் கூடை தறிக்கு வந்தது இது முதல்முறையல்ல. முன்பு வட்டக் கூடையின் கோலம் நாற்கோணத் துணிக்கு ஏற்பப் பிரித்து நீட்டப்பட்டது. வளையத் தறி அதை மறுபடி வட்டமாகவே எடுக்கிறது.

சடங்கின் வட்டங்களைத் துணியில் நிலைப்படுத்துவதற்கு எதிர்ப்பும் இருந்தது. மணற்சித்திரம் சடங்கு முடிந்ததும் கலைக்கப்பட வேண்டியது. சடங்கு வல்லவரும் நெசவாளியுமான ஹஸ்டீன் க்ளா (1867–1937) அதைக் கம்பளமாக நெய்தபோது அவருடைய மக்களில் பலர் அஞ்சினார்கள். வட்டக் கம்பளம் இத்தகைய கலக்கத்தை எழுப்பியதாகத் தெரியவில்லை. கூடை நிலைத்திருக்கும் பொருள், கலைப்பதற்கானது அல்ல என்பது ஒரு காரணமாகலாம்.

வணிகச் சொல்லாடலிலோ வட்டத்துக்கு வீடே இல்லை. கில்பர்ட் மேக்ஸ்வெல் 1963இல் எழுதிய கையேடு போன்றவை நவஹோ கம்பளத்தை ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டின. கனாடோ சிவப்பு, டூ கிரே ஹில்ஸ் சாயமேற்றாத பழுப்பும் சாம்பலும், டீக் நோஸ் போஸ் அகன்ற கரை. இவை ஊர்ப் பெயர்கள் என்றாலும் உண்மையில் கடைகளின் பெயர்கள். நெசவாளிகள் இடம்பெயர்ந்த பின்னும், விரும்பிய பாணியில் நெய்த பின்னும் இந்தப் பிரிவுகள் நிலைத்தன, ஏனென்றால் சேகரிப்பவருக்கு அவை வசதி. எந்தக் கடையும் கேட்டு வாங்கிப் பெயரிடாத வட்டம் இந்த வரைபடத்தில் எந்த ஊருக்கும் உரியதல்ல. விநோதம், தனிவகை என்று கடைசிப் பக்கத்தில் ஒதுக்கப்படுகிற பொருள், வணிகரின் தூண்டுதல் மிகக் குறைந்த பொருளாக இருக்கக்கூடும் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

6. நகலும் சட்டமும்

1970, 80களில் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து தெவோதித்லான் தெல் வாயே ஊருக்கு நவஹோ கம்பளப் படங்களோடு போனார்கள். அங்குள்ள ஸாபோதெக் நெசவாளிகள் மிதிதறியில் தேர்ந்தவர்கள். படத்தைப் பார்த்து நெய்து கொடுத்தார்கள். இந்த வணிகத்தைப் பற்றி டபிள்யு. வார்னர் வுட் எழுதிய 'மேட் இன் மெக்சிகோ' (2008) படிக்க வேண்டிய நூல். ஸாபோதெக் நெசவாளி அதில் போலி செய்பவராக வருவதில்லை. அவருக்கும் ஒரு மரபும் குடும்பமும் பேரமும் இருக்கின்றன. இந்தியாவிலும் நவஹோ சாயல் விரிப்புகள் நெய்யப்பட்டு அதே சந்தைக்குப் போயின.

கோலம் மட்டுமே அளவுகோல் என்றால் இங்கே தலை சுற்றும். சால்தியோவிலிருந்து வடக்கே போன வைரம் நவஹோ என்ற பெயரோடு மெக்சிகோவுக்கே திரும்பியது. ஆசியக் கம்பளத்திலிருந்து கிரிஸ்டலுக்குப் போன கொக்கி இந்தியத் தறிக்கு வந்தது. யாருடைய நகல் எது?

ஓரத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. மிதிதறியில் நீண்ட பாவு சுருளாக ஏற்றப்பட்டு, ஒவ்வொரு கம்பளத்துக்குப் பின்னும் வெட்டப்படுகிறது. எனவே இரு முனைகளில் குஞ்சம் தொங்கும், அல்லது குஞ்சத்தை மறைக்க இழை முனைகள் துணிக்குள்ளேயே திருப்பிச் செருகப்பட்டிருக்கும். விரலால் நெருடினால் அந்தத் தடிப்பு தெரியும். பக்க ஓரத்தில் பாவிழைகள் இரண்டு மூன்று சேர்ந்து தடித்திருக்கும். டினே கம்பளத்தில் முனைகளில் முறுக்குக் கயிறும் நான்கு மூலைகளில் அதன் முடிச்சும் இருக்கும். பழைய போர்வைகளில், நெசவாளி இடம் மாறாமல் ஒரு பகுதியை மட்டும் நெய்து ஏற்றிவிட்டுப் பிறகு அடுத்ததைச் சேர்த்த இடங்களில், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் சாய்கோடுகளும் ஓடும். இதே சோதனை வட்டத்துக்கும் பொருந்தும். வெட்டித் தைத்த விளிம்பா, வளையத்தைச் சுற்றி மடங்கிய பாவின் கண்ணிகளா என்பதே கேள்வி.

சட்டம் பார்ப்பது இதையல்ல, பெயரை. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க இந்தியக் கலை, கைவினைச் சட்டம் பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் கோலத்தை நகலெடுப்பதைத் தடுக்கவில்லை. நவஹோ தேசம் 2012இல் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்து 2016இல் சமரசத்தில் முடிந்த வழக்கும் 'நவஹோ' என்ற பெயரை வைத்தே நடந்தது. கோலத்தின் போக்குவரத்தை நினைத்தால், சட்டம் அதைத் தொடாமல் விட்டது விவேகம் என்றே தோன்றுகிறது. வைரத்துக்குக் காப்புரிமை கேட்டால் சால்தியோ முதலில் வந்து நிற்கும்.

ஆனால் ஓரச் சோதனையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அதற்கு எதிரான வலுவான வாதம் டினே நெசவாளிகளிடமிருந்தே வருகிறது. 1930களில் ஜான் காலியர் தலைமையிலான அமெரிக்க இந்தியர் விவகாரத் துறை, மண்ணரிப்பைக் காரணம் காட்டி மந்தைகளை வலிந்து குறைத்தது. நீண்ட இழையும் குறைந்த எண்ணெய்ப்பசையும் கொண்ட, தண்ணீர் அரிதான நிலத்திலும் கழுவி நூற்க ஏற்ற சுர்ரோ ஆடு ஏறத்தாழ இல்லாமலே போனது. 1977இல் லைல் மெக்நீல் நவஹோ ஆட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது எஞ்சியவை சில நூறு. இடைப்பட்ட தலைமுறைகள் ஆலைக் கம்பளியில் நெய்தன. கம்பளி மாறிவிட்டது, கட்டுமானம் அப்படியே இருக்கிறது என்று சொல்லி மரபைக் காப்பாற்றலாம்தான். நாளை ஒரு டினே பெண் மிதிதறியில், குஞ்சத்தோடு நெய்தால் என்ன சொல்வது? என் அளவுகோல் அவரை வெளியே தள்ளும். அது அபத்தம். ஓரம் காட்டுவது ஒரு முறையின் தொடர்ச்சியை. ஒரு மக்களின் எல்லையை அதைக் கொண்டு வரைய முடியாது.

1996இல் அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம் நடத்திய 'வோவன் பை த கிராண்ட்மதர்ஸ்' கண்காட்சி இந்த இடத்தில் உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டுப் போர்வைகளை விளக்க டி. ஒய். பெகே, கேலி கீம்ஸ், வெஸ்லி தாமஸ் போன்ற டினே நெசவாளிகளே அழைக்கப்பட்டார்கள். காலகட்டமும் பாணியும் அதுவரை சேகரிப்பாளரின் மொழியாக இருந்தன. நெய்கிறவருக்கு அந்தத் துணியில் வேறு செய்திகள் கிடைக்கின்றன. நூல் எவ்வளவு முறுக்கப்பட்டது, இந்த இடத்தில் ஏன் பிரித்து மறுபடி நெய்தார், கடைசி வரிசைகளை எப்படி ஏற்றினார் என்பவை அவை.

சந்தைக்கு இந்தச் செய்திகளில் அக்கறை இல்லை. 2012இல் கலிபோர்னியா ஏலமொன்றில் முதல் கட்டத் தலைவர் போர்வை ஒன்று 18 லட்சம் டாலருக்குப் போனது. நெய்தவர் பெயர் தெரியாது. பழைய துணிக்கு இப்படி விலை ஏறும்போது உயிரோடு இருக்கும் நெசவாளியின் சந்தை சுருங்குகிறது என்று மெக்ளோஸ்கி இந்த ஏலத்துக்குப் பத்தாண்டு முன்பே எழுதியிருந்தார். நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயின்டில் 1968இல் தொடங்கிய ஏலத்தில் நிலைமை வேறு. அங்கே நெசவாளிகள் தங்கள் கம்பளத்தைத் தாங்களே கொண்டுவந்து வைக்கிறார்கள், சீட்டில் பெயரெழுதி. வாங்க வருகிறவர் மூலையைத் திருப்பிப் பார்க்கலாம், முறுக்குக் கயிற்றை நெருடிப் பார்க்கலாம். நெய்தவர் அதே கூடத்தில்தான் இருப்பார். கடைசிச் சாணை எப்படி ஏற்றினார் என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.